கூட்டைத் தேடாமல் பறவையைப் பார்ப்பது

குற்றாலத்துக்குப் பறவை பார்க்க வருகிறவர்களில் பலர், காரை விட்டு இறங்கி முதுகை நிமிர்த்துவதற்குள் கேட்டுவிடுவார்கள்: "இருவாச்சிக் கூடு எங்கன இருக்கு, அண்ணாச்சி?" டீக்கடையில் கேட்பார்கள், ஆட்டோ ஸ்டாண்டில் கேட்பார்கள், வனத்துறைச் சோதனைச்சாவடியிலேயே கேட்பவர்களும் உண்டு. இந்த அத்தியாயத்தில் அதற்கு விடை கிடையாது. இருவாச்சிக்கும் இல்லை, தவளைவாயனுக்கும் இல்லை. கூட்டின் பக்கமே போகாமல், ஒரு பறவை கூடு கட்டுகிறதா, அடைகாக்கிறதா, குஞ்சுக்கு இரை கொடுக்கிறதா என்று தெரிந்துகொள்ள முடியும். அப்படித் தெரிந்துகொண்டது, கூட்டை நேரில் பார்த்ததைவிட மாற்றுக் குறைந்ததல்ல. அதைச் செய்யும் விதத்தைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கணவாய்க்குத் தெற்கே

செங்கோட்டையில் இருந்து ஆரியங்காவு வழியாகக் கொல்லம் போகும் ரயிலில் ஏறினால், மேற்குத் தொடர்ச்சி மலை எந்த இடத்தில் தணிந்து வழிவிடுகிறது என்பது ஜன்னலோரத்திலேயே தெரிந்துவிடும். அதுதான் செங்கோட்டைக் கணவாய். வடக்கே பெரியாறு மலைகள். தெற்கே அகத்தியமலைத் தொடர், இன்னொரு பெயரில் அசம்பு மலை. குற்றாலத்து அருவிகள் தெற்குப் பக்கத்து மலையின் வடகோடியில் விழுகின்றன. உச்சியில் குளிர்ந்த சோலைக்காட்டில் வாழும் சிறு பறவைக்கு இந்தத் தாழ்வான, வெப்பமான இடைவெளியைக் கடப்பது எளிதல்ல. யுகயுகமாக இரு பக்கமும் பிரிந்து வாழ்ந்ததில் சில பறவைகள் வேறு வேறாகவே ஆகிவிட்டன. அசம்பு சிரிப்பான் கணவாய்க்குத் தெற்கே மட்டும்தான் உண்டு. வி.வி. ராபினும் உடன் ஆய்வாளர்களும் 2017-ல் புதிதாக விவரித்த அசம்பு சோலைக்கிளியும் அப்படியே. பெயரில் கிளி இருந்தாலும் அது நீல நிறத்தில், சோலையின் நிழலில் தரையை ஒட்டித் திரியும் சிறு பூச்சியுண்ணி. உலகத்தில் இவற்றுக்கு இருக்கும் இடமே இந்தச் சில மலை உச்சிகள்தான் என்பதால், ஒரு கூடு கலைந்தால் அந்த இழப்பை ஈடுகட்ட வேறு ஊரில் பறவை இல்லை.

இதைப் படித்துவிட்டுச் செண்பகாதேவி அருவிக்கு மேலே ஏறிப் பார்க்கலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். செண்பகாதேவி, தேனருவிப் பக்கமெல்லாம் வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. குற்றாலம், கடையநல்லூர், சிவகிரி வரை நீளும் காடு 2015-ல் நெல்லை வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தெற்கே கடையம் பக்கம் போனால் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் தொடங்கிவிடுகிறது. சரணாலயத்துக்குள் படம் எடுக்கவும் ஆய்வு செய்யவும் அனுமதிச்சீட்டு வேண்டும். கூட்டைப் பற்றிச் சட்டம் இன்னும் கறார். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே, பறவை முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டைக்கோ கூட்டுக்கோ தொந்தரவு கொடுப்பதும் அடக்கம். படம் நன்றாக விழ வேண்டும் என்று கூட்டை மறைக்கும் கிளையை ஒடிப்பவரும் துப்பாக்கி தூக்கியவரும் அந்த வரையறைக்குள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள்.

அனுமதிச்சீட்டு இல்லாமலே பார்க்க இந்த வட்டாரத்தில் நிறைய இருக்கிறது. ஐந்தருவிச் சாலை, பழைய குற்றாலத்துக்குப் போகும் ஆயிரப்பேரி வழி, ஐந்தருவிக்குப் பக்கத்தில் உள்ள சுற்றுச்சூழல் பூங்கா, குண்டாறு அணைப் பாதை, மேக்கரைக்கு அருகே அடவிநயினார் அணையின் சுற்றுப்புறம். ஓர் ஆண்டு முழுக்க இந்த இடங்களிலேயே சுற்றினாலும் குறிப்பேடு நிறைந்துவிடும்.

எப்போது எது கூடு கட்டும்

காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவை பிப்ரவரியில் தொடங்கி, தென்மேற்குப் பருவமழை இறங்குமுன், மே மாதத்துக்குள் கூட்டு வேலையை முடித்துவிடப் பார்க்கும். பாறை முகடுகளில் வல்லூறும் கொம்பன் ஆந்தையும் இன்னும் முன்னால், டிசம்பர் வாக்கிலேயே தொடங்கிவிடும். குளத்து நாரைகள், வடகிழக்குப் பருவமழையில் குளம் பெருகிய பிறகு. ஆகவே அருவி வறண்டு, லாட்ஜுகள் காலியாகக் கிடக்கும் மார்ச், ஏப்ரல் வெயிலில்தான் காடு கூடுகளால் நிறைந்திருக்கும். அந்த மாதங்களில் வருகிறவருக்குக் கூட்ட நெரிசல் இல்லை. ஆனால் பொறுப்பு அதிகம். ஊர் நிரம்பி வழியும் ஜூன், ஜூலையில் பெரும்பாலான குஞ்சுகள் பறந்து போயிருக்கும்.

இதற்கு விலக்கு சீகாரப் பூங்குருவி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

இது அரிய பறவை அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக ஓடையும் அருவியும் இருக்கும் இடமெல்லாம் உண்டு. ஆனால் குற்றாலத்தில் கூட்டுக் காலப் பறவையை எப்படிப் பார்ப்பது என்று பழக இதைவிட நல்ல பறவை கிடைக்காது. காரணம், இதற்கும் மனிதருக்கும் பிடித்த இடம் ஒன்று, பிடித்த காலமும் ஒன்று. மழைக்காலத்தில்தான் அதிகமாகக் கூடு கட்டும். அருவியோரத்துப் பாறை இடுக்கு, ஓடைக்கரையில் மண் சரிந்த பொந்து போன்ற இடங்களில் பாசியும் வேரும் சேற்று மண்ணும் சேர்த்துக் கிண்ணம் போலக் கட்டும். ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறத்தாழ 16 நாள் அடைகாக்கும். சாரல் அடிக்கிற விடியலில், குளிக்கிறவர்களின் கூச்சல் எழும்பாத அந்தச் சிறு இடைவெளியில், பள்ளிக்கூடத்துப் பையன் எவனோ ராகமும் தெரியாமல் முடிக்கவும் தெரியாமல் விசிலடித்துக்கொண்டு போவது போல ஒரு பாட்டு கேட்கும். அது இதன் பாட்டுதான். உடம்பெல்லாம் கருநீலம். நெற்றியிலும் தோளிலும் மட்டும் வெளிச்சம் பட்டால் மின்னும் நீலம்.

ஓடைக்கரையில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எதிர்ப்பாறையில் பூங்குருவி வந்து இறங்குகிறது. அலகில் இரண்டு மூன்று மண்புழுக்கள் தொங்குகின்றன. தான் தின்பதாக இருந்தால் பிடித்த இடத்திலேயே விழுங்கியிருக்கும். வாலை மெல்ல விரித்து மூடுகிறது. பக்கத்துப் பாறைக்குத் தாவுகிறது, பழைய பாறைக்கே திரும்பி வருகிறது. நீளமான, கூரான ஒற்றை விசில் ஒன்று. புழு இன்னும் அலகிலேயே இருக்கிறது. நீங்கள் அசையவில்லை, மூச்சுகூட விடவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பறவையின் கணக்கில் நீங்கள் அதன் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கூடு உங்கள் முதுகுக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ எங்கோ இருக்கிறது. உள்ளே குஞ்சுகள் பசியோடு காத்திருக்கின்றன.

அப்போது செய்ய வேண்டியது ஒன்றே. எழுந்து, வந்த வழியாகவே, அவசரமில்லாமல் விலகிப் போக வேண்டும். பத்தடி, இருபதடி என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். அலகில் இரையோடு நிற்கிற பறவை உள்ளே போய் வெறும் அலகோடு வெளியே வருகிற வரைக்கும் பின்வாங்குங்கள். அந்த இடத்தில் நின்றுகொண்டால் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு அது உங்களைப் பொருட்படுத்தாது. எத்தனை தடவை வருகிறது, நண்டா தவளையா புழுவா எதைக் கொண்டுவருகிறது, ஆணும் பெண்ணும் சேர்ந்தே வருகின்றனவா என்பதெல்லாம் அங்கிருந்தே தெரியும். எந்த இடுக்கில் நுழைந்தது என்று மட்டும் எட்டிப் பார்க்கக் கூடாது.

இங்கே குரங்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குற்றாலத்தில் பயணிகள் போடும் பன்னும் வாழைப்பழமும் தின்று நாட்டுக்குரங்குகள் சாலையோரத்திலேயே குடியிருக்கின்றன. முட்டையும் குஞ்சும் கண்ணில் பட்டால் அவை விடாது. அண்டங்காக்கையும் வால்காக்கையும் செம்போத்தும் அப்படித்தான். ஒரு புதரை ஐந்து பேர் சுற்றி நின்று உற்றுப் பார்த்தால், அங்கே ஏதோ இருக்கிறது என்பது அவற்றுக்கும் புரிந்துவிடும். நீங்கள் பார்த்துவிட்டுப் போன பிறகு அவை வந்து பார்க்கும். பறவை பார்க்கப் போகும் பையில் தின்பண்டம் இருந்தால் அதை லாட்ஜிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

பறவை தரும் சாட்சி

கூட்டைக் காணாமலே கூட்டைப் பதிவு செய்வது ஏதோ தோது இல்லாதவர்கள் செய்யும் சமாதானம் அல்ல. இ-பேர்ட் தளத்தில் பறவைப் பட்டியல் இடும்போது, இனப்பெருக்க நடத்தையைக் குறிக்கத் தனிக் குறியீடுகள் இருக்கின்றன. கூட்டுக்குப் பொருள் சுமத்தல், குஞ்சுக்கு இரை சுமத்தல், குஞ்சின் மலப்பொதியைத் தூக்கிப் போதல், காயம்பட்டது போல நடித்து நம்மைத் திசைதிருப்புதல், பறக்கப் பழகும் குஞ்சுக்கு ஊட்டுதல் என்று அவற்றில் பல, கூட்டின் பக்கமே போகாமல் பார்க்கக்கூடியவை.

மலப்பொதியைப் பலர் கவனிப்பதே இல்லை. பல சிறு பறவைகளின் குஞ்சுகள் எச்சத்தை வெள்ளையான ஒரு சவ்வுப் பைக்குள் பொதிந்தே வெளியேற்றும். தாய் அதை அலகில் கவ்விக்கொண்டு போய்த் தூரத்தில் போட்டுவிட்டு வரும். கூட்டடியில் எச்சம் சேர்ந்தால் பகை மோப்பம் பிடிக்கும் என்பதால் இந்த ஏற்பாடு. ஒரு சின்னப் பறவை வெள்ளையாக எதையோ கவ்விக்கொண்டு, பழமும் பூச்சியும் இல்லாத திசையில் நேராகப் பறந்து, திரும்பும்போது வெறும் அலகோடு வருகிறது என்றால் கூட்டில் குஞ்சு இருக்கிறது. அதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

இந்த மண்ணில் பறவையின் நடமாட்டத்தைப் படிக்கத் தெரிந்த ஓர் ஆள் ஏற்கெனவே இருந்திருக்கிறான், இலக்கியத்தில். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் வரும் சிங்கன் பறவை பிடிக்கிறவன். எந்தப் பறவை எந்த வயலில் வந்து மேயும் என்று பெயர் பெயராகச் சொல்லிவிட்டுக் கண்ணி வைக்கிறான். அவனுடைய கண்ணியை விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

பறவை பறந்து போகவில்லை என்பதை மட்டும் வைத்து அது நிம்மதியாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. புதியவர்கள் சறுக்கும் இடம் இதுதான். அடைகாக்கும் பறவைக்கு முட்டையை விட்டுப் போக மனம் வராது. அருகில் ஆள் வர வர உடம்பைத் தாழ்த்தி ஒட்டிக்கொள்ளும். அடைகாக்கும் பெங்குவின்களின் இதயத்துடிப்பை அளந்து பார்த்த ஆய்வுகளில், வெளியே எந்த அசைவும் காட்டாத பறவையின் இதயம்கூட மனிதர் நெருங்கும்போது வேகமாக அடித்திருக்கிறது. "ஒண்ணும் பண்ணலை சார், பேசாம உக்காந்திருந்துச்சு" என்று படத்தைக் காட்டிச் சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இருவாச்சியும் தவளைவாயனும்

இனி, எல்லோரும் கேட்கிற அந்தப் பறவை. பெண் இருவாச்சி உயர்ந்த மரத்தின் பொந்துக்குள் போய், தன் எச்சத்தையும் பழச் சதையையும் கொண்டு வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்புதான் மிஞ்சும். உள்ளே இருக்கும் மாதங்களில் பல இருவாச்சி இனங்களில் பெண் இறக்கை இறகுகளை உதிர்த்துவிட்டு இருக்கும். நினைத்தாலும் பறக்க முடியாது. பெரிய இருவாச்சியில் குஞ்சு கொஞ்சம் வளர்ந்ததும் தாய் வெளியே வந்துவிடும். மலபார் சாம்பல் இருவாச்சியில் தாயும் குஞ்சும் சேர்ந்துதான் வெளியேறும். இந்த விவரங்களில் பெரும்பகுதி ஆனைமலையில் ரகுபதி கண்ணன், திவ்யா முத்தப்பா போன்றவர்கள் பாடுபட்டுச் சேர்த்தவை.

அத்தனை நாளும் உள்ளே இருப்பவர்களுக்குச் சாப்பாடு ஆணின் தொண்டை வழியாகத்தான் வந்து சேர வேண்டும். அத்திப் பழங்களைத் தொண்டையில் நிரப்பிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து வெடிப்பின் வழியே கொடுக்கும். மரத்தடியில் ஆள் நின்றால் ஆண் தூரத்து மரத்திலேயே உட்கார்ந்துவிடும். நீங்கள் அரை மணி நின்றால் ஒரு வேளைச் சாப்பாடு தாமதம். உங்களுக்குப் பின்னால் இன்னொரு குழு, அதற்குப் பின்னால் இன்னொன்று என்று வந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தவிர, இருவாச்சிக்குத் தோதான பொந்து எல்லா மரத்திலும் அமைவதில்லை. கிடைத்த பொந்துக்கே ஆண்டுதோறும் திரும்பி வரும். ஒரு பொந்து ஊருக்குத் தெரிந்துவிட்டால் அந்த ஓர் ஆண்டோடு தொல்லை முடியாது.

ஆகவே கூட்டு மரத்தை விட்டுவிட்டுப் பழ மரத்துக்குப் போங்கள். ஆலோ அத்தியோ இச்சியோ பழுத்து நிற்கும் மரம் ஒன்றைச் சாலையோரத்தில் கண்டுபிடித்து, வெயில் ஏறுமுன் எதிர்ப்புறம் உட்காருங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அங்கே வருவது ஆண்கள் மட்டும்தானா என்று கவனியுங்கள். மலபார் சாம்பல் இருவாச்சியில் ஆணின் அலகு செம்மஞ்சளாக, நுனி மட்டும் மஞ்சளாக இருக்கும். பெண்ணுக்கு மஞ்சள் அலகின் அடியில் கறுப்பு. ஜோடியாகவே திரியும் பறவை தனியாக வருகிறது, பழத்தைத் தின்று முடித்த பிறகும் தொண்டை புடைக்கத் திணித்துக்கொள்கிறது, ஒவ்வொரு தடவையும் ஒரே திசையில் போகிறது என்றால் கூடு அந்தத் திசையில் இருக்கிறது. குறிப்பேட்டில் அவ்வளவும் எழுதுங்கள். அந்தத் திசையில் நடக்காதீர்கள்.

தவளைவாயன் கதை வேறு. இரவுப் பறவை. பகலில் காய்ந்த இலைக் கொத்தைப் போல அசையாமல் இருக்கும். தூவியும் மரப்பாசியும் வைத்து ஓர் உள்ளங்கைகூட நிறையாத கூடு கட்டும். முட்டை ஒன்றே ஒன்று. பகல் முழுக்க ஆண் அடைகாக்கும். ஆபத்து என்று தோன்றினால் தலையை மெல்ல உயர்த்தி, அலகை வானத்தை நோக்கி நிமிர்த்தி, ஒடிந்த கிளை போல நின்றுவிடும். படக்காரர்களுக்கு இந்தக் கோலம் மிகவும் பிடிக்கும். அந்தப் படத்தில் இருப்பது பயந்துபோன பறவை. தற்செயலாக ஒன்றைப் பார்த்துவிட்டால், தலை கிடைமட்டமாக இருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நிமிர்ந்திருந்தால் ஏற்கெனவே நெருங்கிவிட்டீர்கள். பிளாஷ் வேண்டவே வேண்டாம்.

கையில் இருப்பவை

எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும். மழைக்காட்டின் மங்கல் வெளிச்சத்தில் எட்டுக்கு நாற்பத்திரண்டு அளவுள்ளதுதான் கைகொடுக்கும். வெள்ளைச் சட்டையும் பளிச்சென்ற மழைக்கோட்டும் ஆகாது. சாரல் காலத்தில் குடை இல்லாமல் முடியாது, சரி. ஆனால் பொத்தானை அமுக்கியதும் 'டப்' என்று விரியும் குடையைக் காட்டோரத்தில் திறக்காதீர்கள். உட்காருமுன்பே விரித்து வைத்துக்கொள்ளுங்கள். சாலையோரப் பறவைக்குக் காரே நல்ல மறைவிடம். கதவைத் திறந்து இறங்கும் வரை பல பறவைகள் காரைச் சட்டை செய்வதில்லை. மூன்று நான்கு பேருக்கு மேல் சேர்ந்து போக வேண்டாம். புல்லை மிதித்துப் புது வழி போட்டால் அந்த வழியிலேயே கீரியும் நாயும் வரும்.

கைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதைக் கூட்டுக் காலத்தில் அறவே விட்டுவிடுங்கள். எதிரி ஒருவன் எல்லைக்குள் புகுந்துவிட்டான் என்று நம்பி ஆண் பறவை காவலை விட்டு வந்து, இல்லாத எதிரியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும். உங்களுக்கு ஒரு நிமிட வீடியோ கிடைக்கும். அது இரை தேட வேண்டிய காலைப் பொழுது போகும்.

குளமும் வயலும்

சமவெளியில் பிரச்சினை வேறு. சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கும் ஜூலை, ஆகஸ்டில் செல்பி எடுக்க வருகிறவர்கள் வரப்போடு நிற்பதில்லை. தரிசிலும் வரப்போரத்திலும் வெறுந்தரையில் முட்டையிடும் ஆள்காட்டிக்கு இது கெட்ட காலம். முட்டையின் நிறமும் புள்ளியும் மண்ணோடு மண்ணாக இருக்கும். மிதித்த பிறகுதான் தெரியும். தலைக்கு மேலே ஆள்காட்டி கத்திக்கொண்டு வட்டமடித்தால் அண்ணாந்து பார்ப்பதற்கு முன் காலடியைப் பாருங்கள். பிறகு, வந்த தடத்திலேயே அடி வைத்துத் திரும்புங்கள். உச்சிவெயிலில் இது இன்னும் முக்கியம். அந்த நேரத்தில் தாய் முட்டைமேல் உட்காருவது சூடு கொடுக்க அல்ல, நிழல் கொடுக்க. அது விலகி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை வேகிறது.

மரத்தில் கூட்டமாகக் கூடு வைக்கும் நாரை, கொக்குகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் கொஞ்சம் தள்ளிப் போகலாம். கடையம் மலையில் பிறக்கும் கடனாநதி தாமிரபரணியில் சேரும் திருப்புடைமருதூரில், நாறும்பூநாதர் கோயிலை ஒட்டிய மருத மரங்களில் பறவைகளும் பழந்தின்னி வௌவால்களும் அடைகின்றன. மூன்று ஹெக்டேர்கூட வராத அந்த இடம் 2005 பிப்ரவரி 14 அன்று நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் 1994-ல் சரணாலயமானது. அங்கே சங்குவளை நாரைகள் வீட்டுக் கொல்லை மரத்திலும் கூடு வைக்கும். ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கூட்டில் இருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்த்த பால்பாண்டியின் பெயர் அந்த ஊரோடு சேர்ந்தே சொல்லப்படுகிறது.

இந்த இரண்டு ஊர்களிலும் கூட்டை மறைப்பவர் யாரும் இல்லை, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்கள். அப்படியானால் இருவாச்சிக் கூட்டை மட்டும் ஏன் ரகசியமாக வைக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஸ்காட்லாந்தில் லாக் கார்ட்டன் ஏரியருகே நெடுங்காலத்துக்குப் பிறகு கூடு வைத்த விராலடிப்பானின் முட்டைகளை 1958-ல், காவல் இருந்தும், இரவில் திருடிவிட்டார்கள். அடுத்த ஆண்டு பிரிட்டனின் பறவைப் பாதுகாப்புச் சங்கம் தலைகீழாக ஒரு முடிவெடுத்தது: கூட்டைச் சுற்றிக் காவலை இறுக்கி, தள்ளி ஒரு மறைவுக் குடில் கட்டி, ஊரையே வந்து பார்க்க அழைத்தது. ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள், குஞ்சுகள் பிழைத்தன. ஆக, ரகசியம் மட்டுமே பாதுகாப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பகலும் இரவும் காவலுக்கு ஆள் இருந்து, எங்கே நிற்க வேண்டும் என்று கோடு போட்டிருந்தால் கூட்டைக் காட்டலாம். கூந்தன்குளத்தில் ஊரே காவல். குற்றாலத்துக் காட்டுக்குள் ஒற்றை மரத்துக்கு யார் காவல்? அதனால்தான் அங்கே வாயைத் திறக்கக் கூடாது.

குறிப்பேடும் வாட்ஸாப்பும்

இந்தக் காலத்தில் கூட்டைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் கைபேசிதான். காமிராவில் இடக்குறிப்பு இயங்கிக்கொண்டிருந்தால், படத்துக்குள்ளேயே அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிந்துவிடும். அதை வாட்ஸாப்பில் 'டாக்குமெண்ட்'டாக அனுப்பினால் எண்கள் அப்படியே போய்ச் சேரும். கிளம்புமுன் அமைப்புகளில் போய் அதை அணைத்துவிடுங்கள். ஐ-நேச்சுரலிஸ்டில் இடத்தை மங்கலாக்கும் வசதி இருக்கிறது. இ-பேர்ட், எளிதில் ஆபத்துக்குள்ளாகும் பறவைகளின் இடத்தைத் தானே மறைத்துவிடும். மற்றவற்றுக்குப் பட்டியலை நீங்களே மறைத்து வைக்கலாம், அல்லது கூட்டுக் காலம் முடிந்த பிறகு பதிவேற்றலாம். பதிவு மூன்று மாதம் தாமதமானால் அறிவியலுக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

அரிதான பறவை உண்மையிலேயே கூடு வைத்திருக்கிறது என்று உறுதியாகப் பட்டால், குற்றாலம் வனச்சரக அலுவலகத்தில் நேரில் போய்ச் சொல்லுங்கள். நாள், நேரம், பார்த்த நடத்தை, நீங்கள் நின்ற இடம் எல்லாம் தாளில் எழுதிக் கொடுத்தால் நல்லது. குழுவில் போடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்; சொல்லப்போனால் குழுவில் போடவே வேண்டாம். "எங்கன பாத்தீங்க, அண்ணாச்சி?" என்று நண்பரே கேட்டாலும், "ஐந்தருவிப் பக்கம் பழ மரத்துல பாத்தேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அது பொய்யும் அல்ல.

தரையில் கிடக்கும் குஞ்சு

சாரல் காற்றில், அல்லது குரங்கு கிளையை உலுக்கியதில், குஞ்சு தரையில் கிடப்பதைப் பார்க்க நேரலாம். முதலில் இறகைப் பாருங்கள். உடம்பெல்லாம் இறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்திப் போகிறது என்றால் அது கூட்டைவிட்டு வெளியேறிப் பறக்கப் பழகும் குஞ்சு. தாய் பக்கத்தில்தான் இருக்கும். சாலையின் நடுவிலோ நாயின் வாய்க்கு எட்டும் இடத்திலோ இருந்தால் மட்டும், எடுத்து அருகில் உள்ள புதரின் கிளையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். இறகே முளைக்காத குஞ்சாக இருந்து, கூடு கண்ணுக்குத் தெரிந்து கைக்கு எட்டினால் திரும்ப வைக்கலாம். எட்டாவிட்டால் மரம் ஏற வேண்டாம். வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். பாலோ சோறோ ஊட்ட வேண்டாம், தண்ணீரை வாயில் ஊற்றவும் வேண்டாம். மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் ஒதுக்கிவிடும் என்று நம் ஊரில் சொல்வது உண்மையல்ல. அதனால் தொடப் பயந்து குஞ்சைத் தார்ச்சாலையில் விட்டுவிட்டு வராதீர்கள்.